துப்பாக்கி பேசாத நடை

தேநீர் நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் ஸ்டேஷன் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இது அப்படியில்லை. இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை மட்டும் போடச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் நிறுத்தச் சொல்லும்வரை பேசிக்கொண்டிருப்பேன். பேசுவதுதானே என் தொழில்.

என் பெயர் கெர்ஷோம் ஜேரே. விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் கலோவே முகாமின் தலைமை வழிகாட்டி. ஜேரே என்றதுமே நான் ங்கோனி இனம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் சட்டையில் காபாசோ என்று பெயர் தைத்திருக்கிறது, ஆக நீங்கள் பெம்பா. அப்படியானால் நாம் இரண்டு பேரும் முறைக்காரர்கள். நம் முப்பாட்டன்கள் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். அந்தச் சண்டை ஓய்ந்ததிலிருந்து நாம் வாயால் மட்டும் குத்திக்கொள்கிறோம். நான் உங்களைக் குரங்கு தின்னி என்று சொல்லலாம், நீங்கள் என்னை எலி தின்னி என்று சொல்லலாம், ஒருவர் பொருளை இன்னொருவர் எடுத்து ஒளித்துவைக்கலாம், யாரும் முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது. சந்தையில் பார்த்திருந்தால் இந்நேரம் உங்களை ஒரு வார்த்தை சீண்டியிருப்பேன். சீருடையில் இருக்கிறீர்கள் என்று அடக்கிக்கொள்கிறேன். இந்த முறையை மட்டும் மறந்துவிடாதீர்கள், என் வழக்கே இதில்தான் நிற்கிறது.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரணைக் குழு என்ன எழுதியது என்று உங்களுக்குத் தெரியும். வனக்காவலன் டாமியன் கசோண்டே துப்பாக்கியில் தோட்டா போட மறந்திருக்கலாம், அல்லது அதைத் திருட்டு வேட்டைக்காரர்களுக்கு விற்றிருக்கலாம், எப்படியிருந்தாலும் தவறு அவனுடையது என்று முடித்துவிட்டார்கள். அவன் மனைவி பெர்பெத்துவா உங்களிடம் புகார் கொடுக்காமல் இருந்திருந்தாலும் நானாகவே வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் நடையில் ஒருவன் எதையோ மறந்துவிட்டான் என்று எழுதிவைப்பதை என்னால் பொறுக்க முடியாது. என் நடையில் மறதி என்று எதுவும் நடந்ததில்லை. அன்றைக்கு நடந்ததும் யோசித்துச் செய்ததுதான்.

எங்கள் பூங்காவுக்கு ஜீப்பில் உட்கார்ந்து சிங்கம் பார்க்க வருகிறவர்கள் குறைவு. அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. எங்களிடம் வருகிறவர்கள் நடக்க வருகிறார்கள். விடியற்காலையில் வரிசையாகக் கிளம்புவோம். எல்லாருக்கும் முன்னால் துப்பாக்கியோடு வனக்காவலன். அவனுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் விருந்தாளிகள். கடைசியில் தேநீர்ப் பெட்டியைச் சுமந்துகொண்டு லைசன். வரிசையை யாரும் உடைக்கக் கூடாது. எது வந்தாலும் ஓடக் கூடாது. இந்த இரண்டையும் நான் கிளம்புமுன் சொல்வேன், சொல்லும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்ப்பேன்.

யானையைப் பற்றியும் சொல்வேன். யானை பாய்ந்து வருவதில் இரண்டு வகை உண்டு. காதை அகல விரித்து, தலையை ஆட்டி, தூசி கிளப்பிக்கொண்டு வந்தால் அது பொய்ப் பாய்ச்சல். நம்மைப் பயமுறுத்திவிட்டு நின்றுவிடும். காதைப் பின்னால் ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால் அது மெய். அதற்குத்தான் துப்பாக்கி. பத்தில் ஒன்பது பொய்தான் மேடம். அந்த ஒன்பதில் எத்தனை யானையைப் பயந்த பயல்கள் சுட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் வழிகாட்டியாக நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் நடையில் துப்பாக்கி வெடித்ததே இல்லை. எங்கள் முகாமின் சொந்தக்காரி இங்க்ரிட் அம்மா ஒவ்வொரு புது விருந்தாளிக்கும் சாப்பாட்டு மேஜையில் அதைச் சொல்வார். "இவர்தான் ஜேரே. இவர் நடையில துப்பாக்கி பேசாது, இவர் மட்டுந்தான் பேசுவார்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எத்தனையோ பேர் என் பெயரைக் கேட்டு, மறுபடியும் கடல் கடந்து வந்தார்கள். மற்ற வழிகாட்டிகளுக்கு வயிற்றெரிச்சல்தான்.

கசோண்டேயைப் பற்றிக் கெட்டதாக நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவனும் பெம்பாதான், எனக்கு முறைக்காரன். குட்டையான ஆள், தடித்த கழுத்து, வாயைத் திறந்தால் மூடமாட்டான். நான் முகாமுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"வந்துட்டாருய்யா எலி மகாராஜா! காலையில எத்தன எலி உள்ள போச்சு?"

"உங்க அப்பன் மரத்துல தொங்கிட்டிருந்தான்டா. எறக்கிவிட்டுட்டு வர நேரமாயிருச்சு."

"எங்கப்பன் மேல கைய வெச்சியா? கடிச்சிருப்பாரே."

"கடிச்சாரு. அதான் ஒரு வாழப்பழம் குடுத்துட்டு வந்தேன்."

விருந்தாளிகளுக்கு நான் இதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வேன். அவர்களுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்ளப் போகிறோமோ என்று முதலில் பயம், அப்புறம் சிரிப்பு. இங்க்ரிட் அம்மாவுக்கும் இது பிடித்துப்போயிற்று.

சிக்கல் போன வருஷக் கடைசியில் வந்தது. மழைக்கு முகாமை மூடுவதற்கு முந்தைய வாரம், கசோண்டே வேறொரு வழிகாட்டியோடு போயிருந்தபோது ஒரு பெண் யானையைச் சுட்டான். இடது காது கிழிந்த யானை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. பழைய ஆற்று வளைவுக் குட்டையில் என் விருந்தாளிகள் எத்தனையோ முறை அது குட்டியோடு தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மெய்ப் பாய்ச்சல், வேறு வழியில்லை என்றான் கசோண்டே. கூடப் போனவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். உயிரைக் காப்பாற்றினான் என்று அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்று முகாமில் ஆட்டுக்கறியும் சோளக்களியும் வைத்து விருந்து. நான் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் தனியாகப் போய்த் தடத்தைப் பார்த்தேன். கடைசி அடிகளில் குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. நிற்கப் பார்த்திருக்கிறது, மேடம். இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் நின்றிருக்கும். இதை நான் அப்போதே சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. கசோண்டே என்ன செய்தான் தெரியுமா? எல்லார் முன்னாலும், "எலி தின்னிக்கு யான மேல என்ன பாசம்? ரெண்டுக்கும் ஒரே நெறங்கறதாலயா?" என்றான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, முறை அப்படி. ஆனால் அந்தக் குட்டி குட்டைக்கரையில் பல நாள் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்கு இவன் மேல் வந்த ஆத்திரம் சிரிப்பில் கரையவில்லை.

மழை முடிந்து முகாம் திறந்ததும், இங்க்ரிட் அம்மா அவனை என் நடைக்குப் போட்டார். நான் நேரில் போய் வேறு ஆளைக் கேட்டேன். இவன் கை துறுதுறுக்கும், என் நடைக்கு ஆகாது என்றேன்.

"என்ன ஜேரே, உங்க ரெண்டு பேர் கலாட்டாவப் பாக்கத்தான் பாதிப் பேர் வர்றாங்க. பிரிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார்.

ஆக என் முன்னால், என் துப்பாக்கி பேசாத நடையில், யானையைச் சுட்டவன் துப்பாக்கியோடு நடந்தான். உங்களுக்கு அது எப்படிப் புரியும் என்று தெரியவில்லை. நல்ல சமையல்காரி ஒருத்தியின் அடுப்படியில், குழம்பில் மண்ணள்ளிப் போட்டவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன் பார்த்துக்கொள்வான் என்று சொன்னால் அவளுக்கு எப்படியிருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

முதல் தடவை தோட்டாவை எடுத்தது வெறும் விளையாட்டுக்குத்தான். கிளம்பும் முன் கசோண்டே துப்பாக்கியின் மேகசினில் தோட்டாக்களை நிரப்புவான். அங்கிருந்து தோட்டாவைச் சுடும் அறைக்குள் ஏற்றிக்கொண்டு நடக்கக் கூடாது, ஆபத்து வந்தால்தான் போல்ட்டை இழுத்து ஏற்ற வேண்டும், அது விதி. நிரப்பிவிட்டுக் கஞ்சி குடிப்பான், குடித்ததும் அவனுக்கு ஒதுங்கப் போக வேண்டும். துப்பாக்கியைக் கையைவிட்டுக் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் அதை என் மடியில் வைத்துவிட்டு, "மச்சான், பாத்துக்க, எலி கடிச்சிரப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போவான். அன்று நான் எல்லாவற்றையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து துப்பாக்கியைத் திறந்து பார்த்தவன் முகம் வெளுத்துப் போயிற்று. நான் பையைத் தட்டிக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் என் தொப்பிக்குள் தோலுரித்த எலி ஒன்று கிடந்தது. அதோடு கணக்கு நேரானது.

அன்று அவன் முகம் வெளுத்தது மட்டும் என் மனதைவிட்டுப் போகவில்லை. துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்ற நினைப்பில்தான் இவன் நிமிர்ந்து நடக்கிறான், அந்த நினைப்பே இவனுக்குப் போதும், தோட்டா எதற்கு என்று தோன்றியது. யோசித்துப் பாருங்கள், நியாயமான யோசனைதான். நினைப்பு யாரையும் கொல்லாது.

அதற்குப் பிறகு நான் தினமும் எடுத்தேன். ஆமாம், தினமும். நடை முடிந்து அவன் குழாயடியில் முகம் கழுவும்போது திரும்பப் போட்டுவிடுவேன். சாயங்காலம் அவன் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்கும்போது சரியாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் அப்படி நடந்தோம். சிங்கம் பார்த்தோம், எருமைக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். என் பின்னால் வந்தவர்களில் கைக்குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த தாய்மார் உண்டு, தேனிலவுக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களைக் காத்தது தோட்டா இல்லை. நான்தான் காத்தேன்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லை, மேடம். அதுதான் இதில் முக்கியம். தினமும் காலையில் அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்பான்.

"எலி தின்னி, என் தோட்டாவத் தின்னுட்டியாடா?"

"ஆமா மச்சான். உப்புப் போட்டு வறுத்துத் தின்னேன். உன் துப்பாக்கியில ஒண்ணுமில்ல."

"அப்ப யான வந்தா?"

"உன் மூஞ்சியக் காட்டு. பயந்து ஓடிரும்."

சிரித்துக்கொண்டே முன்னால் நடப்பான். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை. தின்றேன் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். துப்பாக்கியில் ஒன்றுமில்லை என்று ஒரு மனிதனிடம் அவன் முகத்துக்கு நேரே, சாட்சிகளை வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்தால் அதற்கு நான் பொறுப்பா? முறைக்காரன் சொல்வது எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்று அவனாக முடிவுகட்டிக்கொண்டான்.

அன்றைக்கு என்னோடு வந்தவர்கள் டென்மார்க் பல் டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும், அப்புறம் வயதான அக்கா தங்கை இரண்டு பேரும். நல்ல விருந்தாளிகள். தங்கைக்காரி நான் சொல்வதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்பார். ஆற்றோரமாகப் போகலாம் என்றுதான் முதல் நாள் பேச்சு. நான் குட்டைப் பக்கம் திரும்பினேன்.

கசோண்டே நின்றான். "மச்சான், அந்த யானக் கூட்டம் அங்கதான் நிக்கிது. நேத்தே சாணி பாத்தேன். வேணாம்."

"பயமா?"

"பயந்தான். அதுங்களுக்கு என் வாடை தெரியும்டா."

"உன் வாடை யாருக்குத்தான் தெரியாது? குளிடா மொதல்ல."

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னேன், அக்கா தங்கை இரண்டு பேரும் சிரித்தார்கள். கசோண்டேயும் சிரித்தான். சிரித்தபிறகு அவனால் மறுபடி வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு குட்டைப் பக்கம் நடந்தான்.

ஏன் திரும்பினேன் என்று கேட்பீர்கள், நானே சொல்கிறேன். அந்தக் கூட்டம் அங்கே இருந்தது எனக்கும் தெரியும். அவனுக்கு ஒரு யானை நிற்பதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பாய்ந்து வரும், நிற்கும், திரும்பிப் போகும். சுடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போன வருஷம் செய்தது கொலை என்று அவனுக்கே தெரிந்துபோகும். அவ்வளவுதான் நான் விரும்பியது. அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, சத்தியம் செய்யச் சொன்னால் செய்கிறேன்.

குட்டைக்கு முன்னால் கருங்காலி மரங்கள் அடர்ந்த இடம் ஒன்று உண்டு. அங்கே போகும்போது ஒரு இளம் பெண் யானை புதருக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கசோண்டே கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினான். யானை எங்களைப் பார்த்தது. அப்புறம் வந்தது. காது அகல விரிந்திருந்தது. பொய்ப் பாய்ச்சல்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் போல்ட்டை இழுத்துத் தள்ளினான். அந்தச் சத்தத்திலேயே ஆளுக்குத் தெரிந்துவிடும், உள்ளே எதுவும் ஏறவில்லை என்று. மறுபடி இழுத்தான்.

"மச்சான்," என்றான், மெதுவாகத்தான். "வெளையாட்டு போதும். குடு."

கை பின்னால் நீண்டது. எடுத்துக்கொடுக்க நேரமில்லை.

"ஜேரே" என்றான் அடுத்தபடியாக. அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அப்புறம் கத்திக்கொண்டே, துப்பாக்கிக் கட்டையைத் தட்டிக்கொண்டே, எங்களைவிட்டு விலகி முன்னால் ஓடினான். யாரும் ஓடக் கூடாது என்பது என் நடையின் விதி. விதியை மீறியது அவன்தான். யானை நின்றது, மேடம். நான் சொன்னபடியே நின்றது. கசோண்டே இருந்த இடத்தில் நின்றது. அப்புறம் புதருக்குள் போய்விட்டது. விருந்தாளிகள் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. யானைக்கும் இல்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை.

உடலை வடக்கே அவன் ஊருக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். போகாமல் இருக்க முடியுமா? பெம்பா வீட்டுச் சாவில் ங்கோனிக்காரனுக்கு வேலை இருக்கிறது. குழியை நாங்கள்தான் வெட்ட வேண்டும், பெட்டியை நாங்கள்தான் இறக்க வேண்டும், அழுகிற வீட்டைச் சிரிக்கவைக்க வேண்டியதும் நாங்கள்தான். குழியை வெட்டிவிட்டு நான் அதற்குள்ளேயே படுத்துக்கொண்டேன். "கோழி குடுத்தாத்தான் எந்திரிப்பேன். இல்லன்னா இந்தக் கொரங்கு தின்னிய வேற எடத்துல பொதைங்க" என்றேன். அவன் அத்தை ஒருத்தி கோழியைக் கொண்டுவந்து என் தலைமேல் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். குழிக்குள் நின்றுகொண்டே சொன்னேன்: "இவனக் கொன்னது யான இல்ல, நாந்தான். தோட்டா பூரா என் பையில இருந்துச்சு. இனிமே இந்த நாட்டுல கொரங்குங்க எல்லாம் நிம்மதியாத் தூங்கும்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் காட்டினேன். அந்தத் தோட்டாக்களேதான். மேடம், அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கிழவர்கள் கம்பைத் தரையில் தட்டிச் சிரித்தார்கள். பெர்பெத்துவா சாவு விழுந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள். அவளும் மேல்துணியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் செய்த நன்மையையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியை இறக்கியதும் தோட்டாக்களையும் உள்ளே போட்டேன். மேலே மண் தள்ளினேன். சந்தேகமிருந்தால் தோண்டிப் பாருங்கள்.

ஊரே கேட்க ஒப்புக்கொண்டேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

அப்புறம்தான் விசாரணைக் குழுவின் முடிவு வந்தது. தோட்டாவை விற்றவன் மனைவிக்கு ஓய்வூதியம் கிடையாது என்றார்கள். அவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் திருட்டு வேட்டைக்காரன் பிள்ளைகள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கசோண்டே ஒரு தோட்டாவைக்கூட விற்றதில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பெர்பெத்துவா பஸ் பிடித்து முகாமுக்கு வந்தாள். நான் வாசலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஜேரே, குழிக்குள்ள நின்னுக்கிட்டுக் காட்டுனீங்களே, அந்தத் தோட்டா எங்கேருந்து வந்துச்சு?"

"சொன்னேனே, என் பையிலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அண்ணி, அன்னிக்கே சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க."

"ஆமா, சிரிச்சேன். அதத்தான் எம் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓய்வூதியம் அவளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆக இதுதான். நான் எதையும் மறைக்கவில்லை. அவனிடம் சொன்னேன், அவன் ஊரில் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். நீங்களும் பெம்பாதான், உங்களுக்கும் சிரிக்க உரிமை உண்டு. நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை, சீருடைக்குச் சிரிப்பு ஆகாது.

கேளுங்கள். அவன் கையைத் தட்டிவிட்டதா? லைசன் சொன்னானா? அவன் அந்நேரம் தேநீர்ப் பெட்டியைப் போட்டுவிட்டு மரத்தில் பாதி ஏறியிருந்தான், அங்கிருந்து எல்லாம் தெரிந்திருக்கும். சரி. கசோண்டேயின் கை என் சட்டைப் பையைத் தடவியது. விரல் பைக்குள் நுழையப் பார்த்தது. நான் தட்டிவிட்டேன். ஏனென்றால் தேவையில்லை, யானை நிற்கப் போகிறது. இடது கையால்தான் தட்டிவிட்டேன். வலது கையை மேலே தூக்கியிருந்தேன், விருந்தாளிகளுக்கு. யாரும் ஓடாதீர்கள், இது பொய்ப் பாய்ச்சல் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், அவர்களைப் பார்த்துத்தான் நின்றேன். யானைக்கு என் முதுகு. பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், அப்போதுதான் கேட்பார்கள்.

காதா? காது விரிந்திருந்தது என்று சொன்னேனே.

எப்போது பார்த்தேனா? அது வந்து... விரிந்திருக்கும், மேடம். விரிந்துதான் இருந்திருக்கும். அதற்கு நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டுமா என்ன? அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பல் டாக்டர், அவர் மனைவி, அக்கா, தங்கை, ஒருவர்கூடக் கண்ணைச் சிமிட்டவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றார்கள். இத்தனை வருஷத்தில் என் பேச்சை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவர்கள் யானையையா பார்த்தார்கள்? எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.